திருகோணமலையில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடை, ஹோட்டல், கட்டட வேலை, ஆலை, காவல் வேலை என்று திருகோணமலையில் தனியார் இடங்களில் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களுக்காக இது எழுதப்பட்டது. அரச ஊழியருக்கு விதிகள் வேறு. இங்கே வரும் சட்டங்கள் இலங்கை முழுவதற்கும் பொதுவானவை. ஆனால் நிலாவெளியில் சீசன் முடிந்ததும் ஆளை வீட்டுக்கு அனுப்புவது, மேசன் பாஸ் வாய்ச்சொல்லில் ஆள் பிடிப்பது, சீனக்குடாப் பக்கத்து ஆலைகளுக்கு மேன்பவர் (ஆட்களை வேலைக்கு அனுப்பும் நிறுவனம்) வழியாக ஆள் போவது போன்ற நம் ஊர் வழக்கங்களோடு சேர்த்துப் பார்த்தால்தான் அவை எங்கே கைகொடுக்கும் என்று புரியும். சட்டம் இருந்தும் பலர் தோற்றுப்போகிறார்கள். வேலை நீக்கத்துக்கு எதிராக விண்ணப்பிக்கும் ஆறு மாதக் கெடு தவறிவிடுகிறது, அல்லது வேலை செய்ததைக் காட்ட ஒரு துண்டுக் கடதாசிகூடக் கையில் இருப்பதில்லை. அதனால்தான் கீழே திகதியையும் பத்திரத்தையும் பற்றி அடிக்கடி பேச்சு வருகிறது.

நியமனக் கடிதம் தரவில்லை. அப்படியானால் எனக்கு உரிமை இல்லையா?

உண்டு. வாய்ச்சொல்லில் சேர்ந்தாலும் வேலை ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். கடை, கந்தோர் ஊழியருக்கு வேலை விபரங்களை எழுத்தில் கொடுக்க வேண்டியது முதலாளியின் சட்டக் கடமை. கொடுக்காதது அவருடைய தவறு. ஆனால் பிரச்சினை வரும் நாளில் "இவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை" என்று சொல்லிவிட்டால், வேலை செய்ததை நீங்கள்தான் காட்ட வேண்டியிருக்கும்.

அதற்கு ஒரு சிறு கொப்பி போதும். ஒவ்வொரு நாளும் ஒரு வரி: திகதி, இடம், வந்த நேரம், போன நேரம், கூட இருந்த இரண்டு பேரின் பெயர், வாங்கிய காசு. உதாரணமாக, "மார்ச் 4, உப்புவெளி, புது வீட்டு வேலை, 7.30 – 5.30, முற்பணம் 1,000" என்று. அன்றன்றைக்கே எழுதினால்தான் மதிப்பு. ஆறு மாதத்தையும் ஒரே இரவில் ஒரே பேனாவால் எழுதினால் பார்த்தவுடனேயே தெரிந்துவிடும். இதோடு சம்பளம் வங்கிக்கு வந்திருந்தால் வங்கிக் கூற்று, முதலாளியோ மேற்பார்வையாளரோ அனுப்பிய வட்ஸ்அப் செய்திகள், கேற் பாஸ், சீருடையோடு எடுத்த படம் எல்லாவற்றையும் வைத்திருங்கள். போன் தொலைந்தால் செய்தியும் போய்விடும்; படமெடுத்து வீட்டில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

குறைந்தபட்சச் சம்பளம் எவ்வளவு?

2016ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. அதன்படி 2025 ஏப்ரல் 1 முதல் மாதம் 27,000 ரூபா, நாளுக்கு 1,080 ரூபா. 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. உங்கள் தொழிலுக்குரிய சம்பளச் சபை (தொழில்வாரியாகச் சம்பளம் நிர்ணயிக்கும் சபை) இதைவிடக் கூடிய தொகையை நிர்ணயித்திருந்தால் கூடியதுதான் செல்லும். ஓ.டி. (மேலதிக நேர வேலை) காசையும் சேர்த்து 30,000 ஆக்கிக் காட்டுவது கணக்காகாது. மாதச் சம்பளம் அடுத்த மாதம் 10ஆம் திகதிக்குள் கைக்கு வந்துவிட வேண்டும்.

கடையில் காலை 9 மணி முதல் இரவு 8 மணி வரை நிற்கிறேன். ஓ.டி. தருவதில்லை. எனக்கு எவ்வளவு வரவேண்டும்?

கணக்கைச் செய்து பார்ப்போம். கடை, கந்தோர் ஊழியர் சட்டப்படி (1954, இலக்கம் 19) சாதாரண வேலை நேரம் நாளுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45. உணவுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தால் நீங்கள் நாளுக்கு 10 மணித்தியாலம் வேலை செய்கிறீர்கள். ஆறு நாளுக்கு 60. அதில் 45 போக மிச்சம் 15 மணித்தியாலம் ஓ.டி.

மாதச் சம்பளம் 30,000 என்றால் அதை 240ஆல் வகுக்க மணிக்கு 125 ரூபா. ஓ.டி. அதன் ஒன்றரை மடங்கு, 187.50 ரூபா. 15 மணித்தியாலத்துக்கு 2,812.50 ரூபா, நான்கு வாரத்துக்கு 11,250 ரூபா. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே ஒவ்வொரு மாதமும் கைவிட்டுப் போகிறது என்று அர்த்தம்.

இன்னொன்றும் உண்டு. வாரத்துக்கு ஓ.டி. 12 மணித்தியாலத்தைத் தாண்டக் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறையும் சம்பளத்தோடு தர வேண்டும். உங்கள் முதலாளி இரண்டையும் மீறுகிறார். மீறி வாங்கிய வேலைக்கும் காசு கொடுக்கத்தான் வேண்டும். சம்பளச் சபைக்குக் கீழே வரும் ஆலை, கட்டட வேலை, ஹோட்டல் போன்ற தொழில்களில் நேரமும் ஓ.டி. கணக்கும் தொழிலுக்குத் தொழில் மாறும். தொழில் அலுவலகத்தில் உங்கள் தொழிலின் பெயரைச் சொல்லிக் கேட்டால் சொல்வார்கள்.

தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டுமா?

நம் ஊரில் பலர் ஏமாறும் இடம் இது. அந்த இரண்டும் பொது விடுமுறை, வங்கி விடுமுறை. ஆனால் தனியார் கடை, கந்தோர்களைக் கட்டுப்படுத்தும் வர்த்தக விடுமுறைப் பட்டியலில் இரண்டும் இல்லை. பட்டியலில் இருப்பவை தைப்பொங்கல், சுதந்திர தினம், மீலாதுன் நபி, புத்தாண்டுக்கு முதல் நாள், புத்தாண்டு, மே தினம், வெசாக் மறுநாள், நத்தார். அந்த நாட்களில் வேலை வாங்கினால் அந்த ஆண்டுக்குள் சம்பளத்தோடு மாற்று நாள், அல்லது இரட்டைச் சம்பளம். போயா நாளில் வேலை வாங்கினால் ஒன்றரை மடங்கு.

தீபாவளிக்கோ பெருநாளுக்கோ உங்கள் ஆண்டு லீவிலிருந்து எடுக்கலாம். கடை ஊழியருக்கு இரண்டாம் ஆண்டிலிருந்து 14 நாள் ஆண்டு லீவும் 7 நாள் அமய லீவும் உண்டு. தமிழரும் முஸ்லிம்களும் இத்தனை பேர் வாழும் மாவட்டத்தில் இந்தப் பட்டியல் இப்படியே கிடப்பது சரியில்லை.

சம்பளத்தில் ஈ.பி.எஃப். வெட்டுகிறார்கள். எவ்வளவு வெட்டலாம்?

உங்கள் சம்பளத்திலிருந்து 8 வீதம் மட்டும். முதலாளி தன் கையிலிருந்து 12 வீதம் போட வேண்டும். இது ஊழியர் சேமலாப நிதி. இதற்கு மேலே ஊழியர் நம்பிக்கை நிதிக்கு, அதாவது ஈ.டி.எஃப்.க்கு, 3 வீதமும் முதலாளியே போட வேண்டும். அதற்காக உங்களிடமிருந்து ஒரு சதமும் எடுக்க முடியாது. சம்பளம் 30,000 என்றால் உங்கள் 2,400, முதலாளியின் 3,600, ஈ.டி.எஃப். 900. "ஈ.பி.எஃப். 20 வீதம்" என்று சொல்லி 6,000 ரூபாவையும் உங்களிடம் வெட்டினால் அது சட்டவிரோதம்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலிருந்தே போட வேண்டும். நாட்கூலியோ, தற்காலிகமோ, பயிற்சிக் காலமோ என்பது காரணமாகாது. பலர் செய்யும் வேலை, 30,000 சம்பளத்தை "அடிப்படை 15,000, கொடுப்பனவு 15,000" என்று பிரித்து, அடிப்படைக்கு மட்டும் போடுவது. வாழ்க்கைச் செலவுக் கொடுப்பனவு, விடுமுறைச் சம்பளம், தரகு, முதலாளி தரும் சாப்பாட்டின் பெறுமதிகூடக் கணக்கில் சேரும். ஓ.டி. சேராது.

காசு வெட்டிவிட்டுக் கட்டவில்லை என்று சந்தேகம். என்ன செய்வது?

முதலில் உங்கள் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். பதிவு செய்திருந்தால் பி அட்டை (அங்கத்துவ அட்டை) தந்திருக்க வேண்டும். இலக்கமே இல்லை என்றால் பதிவே நடக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இலக்கம் இருந்தால், அடையாள அட்டையோடு போய்த் தொழில் அலுவலகத்தில் எந்த மாதம் வரை கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்கலாம். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். 55 வயதில் போய்ப் பார்க்கும்போது கம்பனியே இருக்காது.

கட்டவில்லை என்றால் திருகோணமலை மாவட்டத் தொழில் அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள். முறைப்பாட்டில் இருக்க வேண்டியவை: உங்கள் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், நிறுவனத்தின் பெயரும் முகவரியும், முதலாளியின் பெயர், வேலைக்குச் சேர்ந்த திகதி, விட்ட திகதி, மாதச் சம்பளம், எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை கட்டவில்லை. சம்பளச் சிட்டையின் பிரதி இருந்தால் இணையுங்கள். மூலத்தை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். கொடுத்த முறைப்பாட்டின் பிரதியில் திகதி முத்திரை குத்தித் தரும்படி கேளுங்கள். இன்னும் அங்கே வேலை செய்கிறீர்கள் என்றால், உங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்கலாம்.

பணம் அடுத்த மாதத்தின் கடைசி நாளுக்குள் கட்டப்பட வேண்டும். பிந்தினால் 5 வீதத்திலிருந்து, ஓராண்டு தாண்டினால் 50 வீதம் வரை மேலதிகக் கட்டணம் ஏறும். முதலாளி அப்போதும் கட்டாவிட்டால் தொழில் திணைக்களம் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய் அறவிடலாம். கூட வேலை செய்பவர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே முறைப்பாடாகக் கொடுத்தால் விசாரணைக்கு வரும் உத்தியோகத்தர் எல்லாருடைய பதிவேட்டையும் சேர்த்தே பார்ப்பார்.

ஈ.பி.எஃப். காசை எப்போது எடுக்கலாம்? பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறார்களே?

வேலையிலிருந்து விலகிய ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயது. அதற்கு முன்னே எடுக்கலாம் என்றால் பெண் திருமணத்தின் காரணமாக வேலையை விட்டால், நிரந்தரமாக நாட்டை விட்டுப் போனால், நிரந்தரமாக வேலை செய்ய முடியாத நிலை வந்தால், ஓய்வூதியமுள்ள அரச வேலை கிடைத்தால். இறந்தால், நீங்கள் பெயர் குறித்து வைத்த பின்னுரித்தாளருக்குப் போகும். திருமணத்துக்கு முன்னர் அம்மாவின் பெயரைப் போட்டுவிட்டு அப்படியே விட்டவர்கள் நிறையப் பேர், மாற்றிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கட்டியிருந்து கணக்கில் 300,000 ரூபாவுக்கு மேல் இருந்தால், வீட்டுக்கோ குறித்த சில மருத்துவச் செலவுக்கோ 30 வீதம் வரை முன்கூட்டி எடுக்கலாம். ஈ.டி.எஃப்.ஐ வேலை மாறும்போதே எடுக்கலாம், ஆனால் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவைதான்.

பெயர்ச் சிக்கல் நம் பெயர்களில் அதிகம். தகப்பன் பெயர் முன்னால் ஒரு பதிவில், பின்னால் இன்னொரு பதிவில். ஆங்கில எழுத்தில் ஒரு இடத்தில் ஒரு எழுத்துக் கூட, மற்ற இடத்தில் குறைய. பழைய ஒன்பது இலக்க அடையாள அட்டையில் பதிவாகி, பிறகு பன்னிரண்டு இலக்க அட்டை எடுத்தவர்களுக்கும் கணக்கு இரண்டாகத் தெரியும். வேலையில் இருக்கும்போதே நிறுவனத்தின் கடிதத்தோடு திருத்துவது சுலபம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, திருமணமானவர் என்றால் விவாகச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு போங்கள்.

நிலாவெளியில் ஹோட்டல் வேலை. சீசன் முடிந்ததும் "அடுத்த சித்திரைக்கு வா" என்று அனுப்புகிறார்கள். இது சரியா?

நம் கரையில் சுற்றுலா பெரும்பாலும் மே முதல் செப்டெம்பர் வரைதான். அதன்பிறகு வாடைக்காற்றும் மழையும். ஆள் குறைப்பது வியாபாரத்துக்குத் தேவையாக இருக்கலாம். ஆனால் எப்படிக் குறைக்கிறார்கள் என்பதற்குச் சட்டம் உண்டு.

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்துக்குள் 180 நாள் வேலை செய்தவரை, ஒழுக்கக் காரணம் இல்லாமல் நிறுத்துவதானால் அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். 180ஐ எண்ணும்போது வேலை செய்த நாட்களோடு விடுமுறை, லீவு நாட்களும் சேரும். ஏப்ரல் 20 சேர்ந்து ஒக்டோபர் 10 அனுப்பப்பட்டால் 174 நாள். ஒரு வாரம் கூட நின்றிருந்தால் 181. திகதி தற்செயலாக அமைவதில்லை. அதனால் சேர்ந்த நாளைச் சரியாகக் குறித்து வையுங்கள். சிலர் ஏப்ரல் தொடக்கத்திலேயே வந்து அறை கழுவி, பெயின்ட் அடித்து, கட்டில் போட்டு வேலை செய்திருப்பார்கள். ஆனால் பதிவில் மே 1 என்று இருக்கும்.

முடிவுத் திகதி தெளிவாக எழுதிய ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருந்தால் உங்கள் வாதம் பலவீனம்தான். வருடா வருடம் அதே வேலைக்கு அதே ஆளைக் கூப்பிட்டு வந்திருந்தால் அதைத் தொழில் நியாய சபையில் (வேலை நீக்க வழக்குகளை விசாரிக்கும் சபை) எடுத்துச் சொல்லலாம். ஒக்டோபரில் போகும்போது "விலகுகிறேன்" என்ற கடிதத்தில் கையெழுத்துப் போடாமல், சம்பளமற்ற லீவில் அனுப்புகிறோம் என்று எழுதித் தரும்படி கேளுங்கள். தொடர்ச்சியான சேவையைப் பின்னாளில் காட்ட இந்த ஒரு கடிதம் உதவும்.

"நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று வாயால் சொல்லிவிட்டார். அடுத்து என்ன?

அடுத்த நாள் வழக்கமான நேரத்துக்கு வேலைக்குப் போங்கள், முடிந்தால் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. உள்ளே விடாவிட்டால் அன்றே பதிவுத் தபாலில் ஒரு கடிதம்: "இன்ன திகதியில் வேலைக்கு வரவேண்டாம் என்று கூறினீர்கள். இன்று வந்தும் அனுமதிக்கவில்லை. நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன். நிறுத்தியதற்கான காரணத்தை எழுத்தில் தரவும்." பிரதியையும் தபால் பற்றுச்சீட்டையும் பத்திரமாக வையுங்கள்.

காரணம் இதுதான். நியாய சபையில் முதலாளி நீக்கியதை ஒப்புக்கொண்டால், அது நியாயமானது என்று அவர்தான் நிரூபிக்க வேண்டும். "நாங்கள் நீக்கவில்லை, அவராகவே வராமல் நின்றுவிட்டார்" என்று சொன்னால் சுமை உங்கள் தலையில் விழும். அந்தக் கதையை உடைப்பது அந்தக் கடிதம்.

வேலை நீக்கப்பட்ட நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய சபையில் விண்ணப்பம் போட வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் போச்சு. "பேசித் தீர்ப்போம், அடுத்த மாதம் வா" என்று இழுத்தடிப்பதிலேயே இந்தக் காலம் கரைந்துபோகும். பேச்சு நடந்தாலும் நாளை எண்ணிக்கொண்டே இருங்கள். நியாய சபைக்கு 15 பேர் என்ற கணக்கு இல்லை. மூன்று பேர் வேலை செய்யும் கடையிலிருந்தும் போகலாம். சட்டத்தரணி கட்டாயமில்லை, தொழிற்சங்கப் பிரதிநிதியும் உங்களுக்காகப் பேசலாம். மீண்டும் வேலை, நட்டஈடு, பணிக்கொடை ஆகியவற்றைக் கேட்கலாம். தீர்ப்பில் திருப்தி இல்லாவிட்டால் 30 நாளுக்குள் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு.

பணிக்கொடை யாருக்கு, எவ்வளவு?

15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் ஐந்து வருடம் முடித்தவருக்கு. ஒவ்வொரு முழு வருடத்துக்கும் கடைசியாக வாங்கிய மாதச் சம்பளத்தில் பாதி. மாதச் சம்பளம் இல்லாதவருக்கு 14 நாள் கூலி. 36,000 ரூபா சம்பளத்தில் 7 வருடம் 8 மாதம் வேலை செய்தவருக்கு 18,000 × 7 = 126,000 ரூபா. அந்த எட்டு மாதம் கணக்கில் வராது. நான்கு மாதம் பொறுக்க முடிந்தால் பொறுங்கள். நீங்களாக விலகினாலும் கிடைக்கும். 30 நாளுக்குள் தராவிட்டால் 10 வீதத்திலிருந்து 30 வீதம் வரை மேலதிகம். 15 பேருக்குக் குறைந்த இடமென்றால் நியாய சபை வழியாகக் கேட்க வேண்டும், அதற்கும் அதே ஆறு மாதம்.

கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து கால் முறிந்துவிட்டது. பாஸ் ஆஸ்பத்திரிச் செலவு மட்டும் தருகிறார்.

ஆஸ்பத்திரியில் அனுமதிக்கும்போது எப்படி விழுந்தீர்கள் என்று கேட்டு எழுதுவார்கள். "வேலைத்தளத்தில், சாரத்திலிருந்து" என்று சொல்லுங்கள். பொலிஸ் கேஸ் ஆகிவிடும், வீட்டில் விழுந்ததாகச் சொல் என்று கெஞ்சுவார்கள். அப்படிச் சொன்னால் அந்த ஒரு வரியே பிறகு உங்களுக்கு எதிரான சாட்சி.

வேலையாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. 2022இல் திருத்தப்பட்டு உச்சத் தொகை 550,000 ரூபாவிலிருந்து 2,000,000 ஆனது. வேலைக்குப் போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் சேர்க்கப்பட்டது. தொகை, சம்பளத்தையும் இயலாமையின் அளவையும் பொறுத்தது. முதலாளி காப்புறுதி செய்யவில்லை என்பது உங்கள் பிரச்சினை அல்ல. விபத்தை உடனே எழுத்தில் அறிவியுங்கள், இடத்தைப் படமெடுக்கச் சொல்லுங்கள், மருத்துவ அறிக்கைகளைச் சேருங்கள். இரண்டு வருடத்துக்குள் கோர வேண்டும். "முழுவதும் தீர்ந்தது" என்று எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டு 50,000 வாங்க வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பதால் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

முடியாது. 84 நாள் சம்பளத்தோடு பிரசவ லீவு. 2018 திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்ற வேறுபாடு இல்லை. பிள்ளைக்கு ஒரு வயதாகும் வரை பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை. கர்ப்பத்தை எழுத்தில் அறிவித்து, கிளினிக் அட்டைப் பிரதியை இணைத்து வையுங்கள். "எங்களுக்குத் தெரியாது" என்று சொல்ல இடமிருக்காது.

மேன்பவர் மூலம் வேலை. யார் என் முதலாளி?

சம்பளமும் ஈ.பி.எஃப்.உம் யார் பெயரில் வருகிறது என்று பாருங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் முறைப்பாட்டில் மேன்பவர் நிறுவனத்தையும், உங்களிடம் வேலை வாங்கும் ஆலையையும், இரண்டையும் எழுதுங்கள். ஈ.பி.எஃப். சட்டத்தில், ஒருவருக்காக இன்னொருவர் ஆள் பிடித்தாலும் அந்த முதலாமவரும் "வேலைகொள்வோர்" என்ற வரைவிலக்கணத்துக்குள் வருவார். உங்களுக்குக் கட்டளையிடும் மேற்பார்வையாளர் எந்த நிறுவனத்தவர், கைவிரல் பதிவது யாருடைய இயந்திரத்தில் என்பவையும் முக்கியம்.

வீட்டு வேலை செய்பவர்கள், படகில் பங்குக்குப் போகிறவர்கள்?

வீட்டு வேலை செய்பவர்கள் ஈ.பி.எஃப். சட்டத்துக்கும் குறைந்தபட்ச வேதனச் சட்டத்துக்கும் வெளியே விடப்பட்டிருக்கிறார்கள். இது பெரிய அநியாயம், மாற்றப்பட வேண்டும். அதுவரை சம்பளத்தை மாதாமாதம் வாங்குங்கள். "சேர்த்து வைக்கிறேன், போகும்போது தருகிறேன்" என்பதற்குச் சம்மதிக்க வேண்டாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளையை எந்த வேலைக்கும் வைக்க முடியாது.

படகில் எண்ணெய், ஐஸ், சாப்பாடு கழித்து மிச்சத்தைப் பங்கு போடும் முறையில் தொழிலாளி யார், கூட்டாளி யார் என்பது வாதத்துக்கு உரியது. ஒவ்வொரு பயணத்தின் கழிவுக் கணக்கையும் எழுதி வாங்கி வையுங்கள். ஆனால் கொட்பே துறையில் மீன் இறக்குவது, ஐஸ் ஆலை, லொறி போன்றவற்றில் கூலிக்கு நிற்பவர்கள் தெளிவாகத் தொழிலாளிகள். மேலே சொன்ன எல்லாம் அவர்களுக்கும் பொருந்தும்.

சங்கம் அமைக்க எத்தனை பேர் வேண்டும்?

ஏழு பேர். அமைத்து மூன்று மாதத்துக்குள் பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஒரு வேலைத்தளத்தில் 40 வீதம் பேர் உறுப்பினரானால் முதலாளி அந்தச் சங்கத்தோடு பேச மறுக்க முடியாது. கைத்தொழிற் பிணக்குகள் சட்டத்தின் 1999 திருத்தம் அப்படி மறுப்பதைத் தவறாக்கியிருக்கிறது. தொடங்கும்போது பெயர்ப் பட்டியலை வேலைத்தளத்துக்குள் வைத்திருக்க வேண்டாம்.

கடிதமெல்லாம் சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் வருகிறது.

வடக்கு, கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை அதைச் சொல்கிறது. தொழில் அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம், விசாரணையில் தமிழில் பேசலாம். உங்கள் வாக்குமூலத்தை வேறு மொழியில் எழுதினால் வாசித்துத் தமிழில் விளங்கப்படுத்தச் சொல்லுங்கள். விளங்காத தாளில் கையெழுத்துக் கேட்டால், அது முதலாளியின் தாளோ அலுவலகத்தின் தாளோ, ஒரு பிரதி வாங்கிக்கொண்டு "படித்துவிட்டு நாளை தருகிறேன்" என்று சொல்லி வெளியே வாருங்கள்.